ஸமானா: நைல்கரை உழவரின் நாட்பட்ட நோயும் அதன் பொருளியலும்

நெடுநாள் நீடித்து உடலை முடக்கிவிடும் நோய்க்கு அரபு மொழியில் 'ஸமானா' என்று பெயர். அந்நோய்க்கு ஆட்பட்டவர் 'ஸமின்' எனப்படுவார். காலத்தைக் குறிக்கும் 'ஸமான்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. உருது பேசுவோர் வழியாக நம்மிடையே வழங்கும் 'ஜமானா'வும் அந்த வேரினதே. தமிழும் இதே தடத்தில் சென்று 'நாட்பட்ட நோய்' என்கிறது. இரு மொழிகளும் இந்நோயின் இலக்கணமாக அது வாட்டும் உறுப்பைக் கொள்ளாமல், அது நீடிக்கும் காலத்தைக் கொண்டிருப்பது நோக்கத்தக்கது.

சில நாள் இருந்து நீங்கும் காய்ச்சல் பெரும்பாலும் மருத்துவரின் பொறுப்பாகவே முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கிவிடும் நோயோ வேறு கேள்விகளை எழுப்புகிறது. நோயாளி எதைக்கொண்டு உண்பார்? அவர் விட்ட வேலையை யார் செய்வார்? வெளியே தெரியாத அவருடைய வலியை யார் நம்புவார்? அந்நோய் அவருக்கு எங்கிருந்து வந்தது? இக்கேள்விகளுக்கான விடைகள் மருத்துவ நூல்களில் மட்டும் இல்லை. வரிப் பதிவேடுகளிலும் நில உரிமையிலும் பாசன வாய்க்கால்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரு நாட்டின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த நாடு எகிப்து. அதற்கு முன்பாக, நாட்பட்ட நோயாளியை நம் சட்ட அறிஞர்கள் எவ்வாறு நோக்கினர் என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

சட்டம் கண்ட நோயாளி

பார்வையற்றவர், காலூனமுற்றவர், நோயாளி ஆகிய மூவர் மீதும் குற்றமில்லை என்று திருக்குர்ஆன் இரண்டு இடங்களில் (24:61, 48:17) அறிவிக்கிறது. பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டு 'அபஸ' அத்தியாயம் அருளப்பட்டதையும், நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துச் சென்றதையும் நாம் அறிவோம். இந்த அடித்தளத்தின் மீதே பின்வந்த சட்ட அறிஞர்கள் தங்கள் வாதங்களை எழுப்பினர்.

ஸகாத் பெறத் தகுதியுடையோரில் முதலாமவராகத் திருக்குர்ஆன் கூறும் 'ஃபகீர்' யார் என்பதில் தொடக்கக் காலத்திலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. நாட்பட்ட நோயுடைய வறியவரே ஃபகீர், உடல்நலமுள்ள வறியவர் மிஸ்கீன் என்று விளக்கினார் பஸ்ராவின் கதாதா (ரஹ்). இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ தம் 'அல்உம்மு' நூலில், தேவைக்குப் போதிய பொருளோ தொழிலோ இல்லாதவர் ஃபகீர். அவர் ஸமினாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேட்பவராக இருந்தாலும் கேட்காமல் ஒதுங்கியிருப்பவராக இருந்தாலும் சரியே என்று வரையறுத்தார்கள். இவ்விரு கருத்துகளுக்கும் இடையிலுள்ள தூரம் பெரியது. முதல் கருத்து வறுமைக்கு உடலில் ஓர் அடையாளத்தைத் தேடுகிறது. இரண்டாவது, அடையாளம் கேட்காமல் தேவையை மட்டுமே பார்க்கிறது. உதவி கேட்டு வருபவரிடம் மருத்துவச் சான்று கேட்பதா, கேட்காமல் கொடுப்பதா என்று இன்றைய நலத்துறைகள் நடத்தும் விவாதத்தின் கரு இதில் இருக்கிறது.

கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 182) எழுதிய 'கிதாபுல் கராஜ்' அரசின் வரவுசெலவு பற்றிய நூல். அதில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியமானவை. காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் ஹீரா நகரக் கிறித்தவர்களுடன் செய்த உடன்படிக்கையில், உழைக்க இயலாமல் தளர்ந்துபோன முதியவருக்கும், ஏதேனும் துன்பம் தாக்கியவருக்கும், செல்வராயிருந்து வறியவரானவருக்கும் ஜிஸ்யா நீக்கப்படும். அவரும் அவர் குடும்பமும் பைத்துல்மாலிலிருந்து பராமரிக்கப்படுவர் என்ற விதி இடம்பெற்றது. மற்றொன்று உமர் (ரலி) அவர்கள் வாசல்தோறும் இரந்துகொண்டிருந்த பார்வையற்ற முதிய யூதர் ஒருவரைக் கண்ட நிகழ்ச்சி. கலீஃபா அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவி, பைத்துல்மால் பொறுப்பாளரிடம் அனுப்பினார்கள். அவரது இளமையின் உழைப்பை உண்டுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று கூறி, அவரைப் போன்றோர் அனைவருக்கும் ஜிஸ்யாவை நீக்கினார்கள். இங்கே முதியவருக்குத் தரப்பட்டது கருணைக்கொடை என்பதைவிட, அவருக்கு அரசு பட்டிருந்த கடன் என்பதே பொருந்தும். இந்தக் கருத்தை நாம் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

வலியைப் பற்றிய ஒரு வாதம் இன்னும் நுட்பமானது. ஒருவர் மற்றொருவரைத் தாக்கித் தலையில் காயம் ஏற்படுத்துகிறார். காயம் ஆறி, முடியும் வளர்ந்து, தழும்பின்றி மறைந்துவிடுகிறது. இப்போது இழப்பீடு உண்டா? ஹனஃபி மத்ஹபின் மூன்று பெரும் இமாம்கள் இதில் மூன்று வழியில் சென்றதை மர்கீனானியின் 'ஹிதாயா' பதிவுசெய்துள்ளது. இழப்பீடு உடலில் ஏற்பட்ட குறைக்காகவே. குறை நீங்கியதால் அதுவும் நீங்கியது என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). குறை நீங்கினாலும் பட்ட வலி பட்டதே. அதற்கு நீதியான மதிப்பீட்டின்படி ஈடு தர வேண்டும் என்றார் இமாம் அபூயூசுஃப். 'அர்ஷுல் அலம்', அதாவது வலிக்கான ஈட்டுத்தொகை என்று அது பெயர் பெற்றது. மருத்துவருக்கும் மருந்துக்கும் ஆன செலவைத் தாக்கியவர் ஏற்க வேண்டும் என்றார் இமாம் முஹம்மது (ரஹ்). எட்டாம் நூற்றாண்டில் ஈராக்கில் நடந்த இந்த வாதம், தடயம் இல்லாத வலி சட்டத்தின் முன் உண்மையா என்ற கேள்வியை நேராகக் கேட்டது. ஐரோப்பாவில் இரயில் விபத்துகளில் சிக்கியோர், வெளிக்காயம் இல்லாத முதுகுவலிக்கு இழப்பீடு கேட்டு நீதிமன்றம் ஏறிய 1860-களில், ஆங்கிலேய மருத்துவர்கள் ஏறக்குறைய இதே கேள்வியில் இரு அணியாகப் பிரிந்து நின்றனர்.

அறக்கட்டளைகளும் அவற்றின் நிழலும்

கருத்து நிறுவனமாக மாறியதற்கும் சான்றுகள் உள்ளன. உமய்யா கலீஃபா வலீத், ஹிஜ்ரி 88-ஐ ஒட்டித் தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை ஒதுக்கி இரந்து திரியாமல் காத்தார் என்றும், நடக்க இயலாதவருக்குப் பணியாளையும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் அமர்த்தினார் என்றும் தபரீ எழுதுகிறார். கெய்ரோவில் மம்லூக் சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய மன்சூரி மருத்துவமனை, செல்வர், வறியவர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி நோயாளிகளை ஏற்றது. வக்ஃபு சொத்துகளின் வருவாயே அதனை நூற்றாண்டுக்கணக்கில் நடத்தியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அல்அஸ்ஹரில் பார்வையற்ற மாணவர்களுக்கென்றே 'ஸாவியத்துல் உம்யான்' என்ற தனிப்பகுதி எழுப்பப்பட்டது. குர்ஆன் மனனமும் ஓதலும் பார்வையற்றோருக்கு மதிப்பான வாழ்வுத்தொழில்களாக இருந்தன.

இவற்றைப் பெருமையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம் எழுத்தாளர் பலரின் வழக்கம். வரலாற்றாசிரியர் மக்ரீஸீ அவ்வாறு செய்யவில்லை. மன்சூரி மருத்துவமனை ஓராண்டுக்குள் எழுந்ததற்குக் காரணம், கட்டுமானப் பொறுப்பிலிருந்த அமீர் தெருவில் போவோரையெல்லாம் பிடித்துக் கட்டாய வேலை வாங்கியதே என்று அவர் எழுதுகிறார். வாகனத்தில் சென்றவர்கள்கூட இறக்கப்பட்டுக் கல் சுமக்க வைக்கப்பட்டனர். இதனால் அவ்வளாகத்தில் தொழுவது கூடுமா என்ற கேள்வியை அறிஞர்கள் எழுப்பினர். நோயாளிக்கென எழுந்த கட்டடமே சிலர் முதுகை முறித்து எழுந்தது என்பதை அன்றைய மார்க்க அறிஞர்கள் கண்டுகொள்ளாமல் விடவில்லை. நோயைத் தீர்க்கும் கையையும் நோயைத் தரும் கையையும் சேர்த்தே பார்த்த அந்தப் பார்வைதான், எகிப்தின் பிற்கால வரலாற்றைப் படிக்கும்போது நமக்குத் தேவைப்படுகிறது.

விரலை வெட்டிக்கொண்ட உழவர்

1805-இல் எகிப்தின் ஆட்சிப் பொறுப்பேற்ற முஹம்மது அலீ பாஷா, நாட்டை நவீனப்படுத்தியவர் என்று பாடநூல்களில் போற்றப்படுபவர். அவருடைய ஆட்சியின் முதல் பத்தாண்டிலேயே, பள்ளிவாசல்களுக்கும் அறப்பணிகளுக்கும் விடப்பட்டிருந்த நிலங்கள் பெருமளவில் அரசின் பிடிக்குள் வந்தன. நோயாளிக்கும் ஏழைக்கும் நிழல் தந்த வருவாய் அரசின் படைச்செலவுக்குத் திரும்பியது. இழந்த நிழலுக்கு ஈடாக உழவர் பெற்றவை மூன்று: கட்டாய வேலை, பருத்தி, கட்டாயப் படைச்சேர்ப்பு.

'சுக்ரா' என்னும் கூலியற்ற கட்டாய வேலை எகிப்துக்குப் புதிதன்று. ஆனால் அதன் அளவு மாறியது. அலெக்சாந்திரியாவை நைலுடன் இணைக்கும் மஹ்மூதிய்யா கால்வாய்க்காக 1817 முதல் 1820 வரை இலட்சக்கணக்கான உழவர்கள் ஊரூராகத் திரட்டிச் செல்லப்பட்டனர். போதிய கருவியும் உணவும் உறைவிடமும் இன்றி ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர். உயிரோடு திரும்பியவர்களின் முதுகும் முழங்காலும் என்ன ஆயின என்பதை எந்தப் பதிவேடும் எழுதி வைக்கவில்லை.

1822-இல் உழவர்களைப் படைக்குப் பிடிப்பது தொடங்கியது. திரும்பி வரும் காலம் சொல்லப்படாத சேவை அது. அதிலிருந்து தப்ப உழவர்கள் கையாண்ட வழி வரலாற்றின் துயரமான பக்கங்களுள் ஒன்று. துப்பாக்கி விசையை இழுக்கும் வலக்கைச் சுட்டுவிரலை வெட்டிக்கொண்டனர். தோட்டாத்தாளைக் கடித்துக் கிழிக்கத் தேவையான முன்பற்களைப் பிடுங்கிக்கொண்டனர். கண்ணில் எலிநஞ்சு இட்டு ஒரு கண்ணின் பார்வையைப் போக்கிக்கொண்டனர். தாய்மாரே பிள்ளைகளுக்கு இதனைச் செய்துவிட்டதும் உண்டு. அரசு கடுந்தண்டனைகளை அறிவித்தும் இது நிற்காததால், ஊனமுற்றோரையும் படையில் சேர்க்க ஆணை பிறந்தது. காலித் ஃபஹ்மீ 'பாஷாவின் ஆட்கள்' குறித்த தம் ஆய்வில் இவற்றை ஆவணங்களிலிருந்து விரித்துரைக்கிறார்.

இங்கே நாம் ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். ஊனம் என்பது இறைவிதியாலோ விபத்தாலோ நேர்வது என்றே பொதுவாக நினைக்கிறோம். நைல்கரை உழவர் ஒருவர் நலமான உடல் தம்மிடமிருந்து பறிக்கப்படும் என்று கண்டு, ஊனமான உடலைத் தாமே தேர்ந்துகொண்டார். ஊனத்தின் விலை படைவீரன் என்ற நிலையின் விலையைவிடக் குறைவாக அவருக்குத் தோன்றியது. இந்தக் கணக்கை அவர் போடும்படி செய்தது அவருடைய அறியாமை என்பதைவிட, அவரைச் சூழ்ந்திருந்த அரசியல் பொருளாதாரம் என்பதே உண்மை.

இதே பாஷாவின் ஆட்சியில்தான் 1827-இல் ஃபிரெஞ்சு மருத்துவர் கிளோத் பே தலைமையில் அபூஸஅபலில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டு, 1837-இல் கெய்ரோவின் கஸ்ருல் ஐனிக்கு மாற்றப்பட்டது. படைக்கு நலமான உடல்கள் வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். எனினும் பின்வரும் கதையின் முக்கியக் காட்சி ஒன்று அந்த மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது.

வாய்க்கால் கொண்டுவந்தது

1851-இல் கஸ்ருல் ஐனியில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் தியோடோர் பில்ஹார்ஸ், பிணக்கூறு ஆய்வின்போது இரத்தக்குழாய்களில் வாழும் ஒரு புழுவைக் கண்டார். அவர் பெயராலேயே பில்ஹார்சியா என்று அந்நோய் வழங்கலாயிற்று. நோய் மிகத் தொன்மையானது. பண்டை எகிப்தியப் பிணங்களின் சிறுநீரகங்களில் இப்புழுவின் முட்டைகளை 1910-இல் ரஃபர் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். நோயாளியின் சிறுநீரோடு வெளிவரும் முட்டைகள் நன்னீரில் பொரிந்து ஒருவகை நத்தைக்குள் புகுந்து பெருகுகின்றன. அங்கிருந்து வெளிப்படும் நுண்புழுக்கள் நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே செல்கின்றன. பிறகு ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கி, சிறுநீர்ப்பையிலோ குடல், கல்லீரலிலோ புண்ணையும் தழும்பையும் உண்டாக்குகின்றன. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், இரத்தப்போக்கு, இடுப்புவலி, சோகை, ஓயாத களைப்பு என்று அது வளர்ந்து, சிலருக்குப் புற்றுநோயில் முடிகிறது. சிற்றூர்களில் சிறுவர்களின் சிறுநீர் சிவப்பது பருவமடைவதன் இயல்பான அடையாளம் என்றே கருதப்பட்டு வந்தது. எல்லோருக்கும் வரும் நோய் நோயாகத் தெரியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தொன்மையான இந்நோய் எகிப்தின் நாட்டுநோயாகப் பெருகியது அண்மை வரலாறு. பழைய முறையில் நைலின் வெள்ளம் ஆண்டுக்கு ஒருமுறை வயற்படுகைகளில் தேங்கி, வடிந்து, நிலம் பல மாதம் காய்ந்து கிடக்கும். அந்தக் காய்ச்சலில் நத்தைகள் பெருமளவில் மடியும். பருத்தியோ நைலில் நீர் குறைந்திருக்கும் கோடையில் தண்ணீர் கேட்கும் பயிர். ஆண்டு முழுவதும் நீரோடும் வாய்க்கால்கள் அதற்காகவே வெட்டப்பட்டன. அவற்றில் படியும் வண்டலை ஆண்டுதோறும் அகற்றக் கட்டாய வேலையாட்கள் சேற்றில் இறக்கப்பட்டனர். 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறியது. பின்பு கடன் ஏறியது. 1882-இல் ஆங்கிலேயப் படை வந்தது. வெளிநாட்டுக் கடனை அடைக்கப் பருத்தி, பருத்திக்கு நீர் என்ற கணக்கில் 1902-இல் அஸ்வான் அணை எழுந்தது. அது இருமுறை உயர்த்தப்பட்டது.

இதன் விளைவை அளந்து பார்த்தவர்கள் எகிப்திய மருத்துவர்களே. 1930-களில் மேல் எகிப்தின் நான்கு பகுதிகள் பழைய பாசனத்திலிருந்து ஆண்டு முழுவதுமான பாசனத்துக்கு மாறியபோது, முஹம்மது கலீலும் அவருடைய உடனாய்வாளரும் அங்குள்ள மக்களை முன்னும் பின்னும் ஆராய்ந்தனர். 2 முதல் 11 சதவீதம்வரை இருந்த நோய், மூன்றே ஆண்டுகளில் 44 முதல் 75 சதவீதமாக உயர்ந்திருந்தது. ஊர் அதே ஊர். மக்கள் அதே மக்கள். அவர்களின் பழக்கவழக்கங்களும் அவையே. மாறியது வாய்க்கால் மட்டும்.

பில்ஹார்சியா தனித்து வரவில்லை. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோல் வழியே கொக்கிப்புழு நுழைவதைக் கெய்ரோவிலிருந்த ஆர்தர் லோஸ் 1898-இல் கண்டறிந்தார். அவர் கையில் சிந்திய புழுநீரே அவருக்கு அதைக் காட்டிக்கொடுத்தது. மக்காச்சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட வறிய உழவரைப் பெலாக்ரா என்னும் சத்துக்குறை நோய் வாட்டியது. கண்நோய்கள் குழந்தைகளின் பார்வையைப் பறித்தன. 1889-இல் மேல் எகிப்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்த தாஹா ஹுசைன், சிறு குழந்தையாக இருக்கையில் கண்நோய்க்கு ஊர் நாவிதரிடம் செய்துகொண்ட வைத்தியத்தால் பார்வை இழந்ததைத் தம் 'அல்அய்யாம்' நூலில் நினைவுகூர்கிறார். பார்வையற்றோருக்கு இருந்த பழைய வழியிலேயே அவரும் குர்ஆனை மனனம் செய்து 1902-இல் அல்அஸ்ஹர் சென்றார். 1950-இல் கல்வி அமைச்சரானதும், கல்வி தண்ணீரும் காற்றும் போல எல்லோருக்கும் உரியது என்று முழங்கினார். அந்நாளில் எகிப்தின் உழவருக்குக் கிடைத்த தண்ணீரே நோயாக இருந்தது என்பதை நாம் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

சோம்பல் என்ற தீர்ப்பு

இத்தனை புழுக்கள் இரத்தத்தைக் குடிக்க, சோளரொட்டியை உண்டு, வெயிலில் நின்று உழைத்த மனிதருக்கு ஆட்சியாளரும் நில உடைமையாளரும் தந்த பெயர் 'சோம்பேறி'. அயலவர் எழுதிய பயணக்குறிப்புகளிலும் அலுவலர் அறிக்கைகளிலும் எகிப்திய உழவர் மந்தமானவர், எதிலும் நாட்டமற்றவர், விதியை நம்பி முடங்கியவர் என்ற சித்திரம் மீண்டும் மீண்டும் வருகிறது. சோகை உண்டாக்கும் களைப்பு ஓர் இனத்தின் குணமாகவும், சிலர் எழுத்தில் ஒரு மார்க்கத்தின் குணமாகவும் எழுதப்பட்டது.

வலியுடையவரின் சொல் நம்பப்படுவது அவர் யார் என்பதைப் பொறுத்திருந்தது. 1915-இல் ராபர்ட் லெய்பர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் எகிப்துக்கு அனுப்பப்பட்டு, கெய்ரோவுக்கு அருகிலுள்ள அல்மர்ஜில் பில்ஹார்சியாப் புழு நத்தை வழியாகப் பரவுவதை மெய்ப்பித்தார். அறிவியலுக்கு அது பெரும் கொடை. ஆனால் அவரை அனுப்பியது ஆங்கிலேயப் போர் அமைச்சகம். அதன் கவலை தன் படைவீரர்களைப் பற்றியது. உழவரின் நோய், படைவீரருக்கும் தொற்றும் என்றானபோதுதான் அவசரமான ஆய்வுப்பொருளாயிற்று.

பிறகு அறிவுரைக் காலம் வந்தது. வாய்க்காலில் இறங்காதீர், வாய்க்கால் ஓரம் சிறுநீர் கழிக்காதீர் என்று உழவர்களுக்குச் சொல்லப்பட்டது. அறிவுரை தவறில்லை. ஆனால் அந்த வாய்க்கால்தான் அவர் வேலை செய்யும் இடம். அவர் மனைவி பாத்திரம் துலக்கும் இடம், பிள்ளைகள் வெயிலுக்குக் குளிக்கும் இடம், உளூ செய்யும் இடம் எல்லாம் அதுவே. 1952-க்கு முன் எகிப்தில் நில உடைமையாளரில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானோர் விளைநிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருந்தனர். குத்தகைக்கும் கூலிக்கும் உழைத்தவர், நீரில் இறங்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் இடத்தில் இல்லை. அவர் கையில் இல்லாத ஒன்றைச் செய்யாததற்காக அவர் குறைகூறப்பட்டார்.

'அர்ஷுல் அலம்' வாதத்தை இங்கே நினைவுகொள்வது பொருந்தும். விரல் போனால் தியத் உண்டு. பல் போனால் உண்டு. வாய்க்கால் தந்த நோயில் விரலும் போகவில்லை, பல்லும் போகவில்லை. வெளியே காட்டத் தழும்பு இல்லை. தாக்கியவர் என்று சுட்டிக்காட்ட ஒரு மனிதரும் இல்லை. நாட்பட்ட நோயின் அநீதி பெரும்பாலும் இவ்வடிவில்தான் அமைகிறது: அதன் காரணம் பலர் கையில் பரவிக் கிடக்கிறது, அதன் வலி மட்டும் ஒரே உடலில் குவிந்து கிடக்கிறது.

ஊசியும் மாத்திரையும்

1918-இல் கார்ட்டூமில் கிறிஸ்டோபர்சன் என்ற மருத்துவர் ஆன்டிமனி உப்பைச் செலுத்திப் பில்ஹார்சியாவைக் குணப்படுத்தலாம் எனக் காட்டினார். எகிப்திய அரசு அதனைப் பெருமளவில் கையாண்டது. 1952 புரட்சிக்குப் பின் நிலச்சீர்திருத்தத்தோடு ஊர்ப்புற மருத்துவ நிலையங்களும் பெருகின. 1950-கள் முதல் 1980-களின் தொடக்கம்வரை இலட்சக்கணக்கான உழவர்கள் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஊசிகள் கொண்ட இச்சிகிச்சையைப் பெற்றனர். நோக்கம் தூயது. ஆனால் கண்ணாடி ஊசிக்குழல்கள் சரியாகக் கொதிக்க வைக்கப்படாமல் ஒருவர்பின் ஒருவருக்குப் பயன்படுத்தப்பட்டன. அப்போது பெயர்கூட இடப்பட்டிராத ஹெபடைட்டிஸ் சி என்னும் கல்லீரல் நோய்க்கிருமி அவ்வழியே பரவியது. 2000-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு இத்தொடர்பை விளக்கியது. 2008-இல் நடந்த நாடளாவிய கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயதினரில் ஏறக்குறைய 15 சதவீதத்தினர் அக்கிருமியின் தடத்தை இரத்தத்தில் கொண்டிருந்தனர். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்று அது.

அரபுலகின் பெரும்பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸ், ஷர்கிய்யா மாகாணத்துச் சிற்றூரில் வளர்ந்தபோது வாய்க்காலில் குளித்துப் பெற்ற பில்ஹார்சியாவால் வாழ்நாள் முழுதும் கல்லீரல் நோயோடு போராடி, 1977-இல் லண்டன் மருத்துவமனையில் மறைந்தார். புகழும் பணமும் வந்தபின்னும் பிள்ளைப்பருவத்தின் வறுமை உடலைவிட்டு அகலவில்லை. அவருடைய நோயை நாடே அறிந்து அழுதது. அதே நோயில் மறைந்த உழவர்களுக்கு அவர்கள் ஊர் மட்டுமே அழுதது.

கதை இருளிலேயே முடியவில்லை. வாயால் உட்கொள்ளும் பிராசிகுவான்டல் மாத்திரை 1980-களில் ஊசியின் இடத்தைப் பிடித்தது. தூய குடிநீரும் ஊர்களுக்குப் பரவியது. பில்ஹார்சியா பெரிதும் குறைந்தது. ஹெபடைட்டிஸ் சி நோயைத் தீர்க்கும் புதிய மருந்து அமெரிக்காவில் ஒரு முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலையில் விற்றபோது, எகிப்திய அரசு 2014-இல் பேரம் பேசி அதனை 900 டாலருக்குப் பெற்றது. பின்னர் உள்நாட்டு உற்பத்தி விலையை மேலும் தாழ்த்தியது. 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இலவசப் பரிசோதனை நடந்தது. நோயுள்ளோரில் 87 சதவீதத்தினரைக் கண்டறிந்து, கண்டறியப்பட்டோரில் 93 சதவீதத்தினருக்குச் சிகிச்சை அளித்ததாக 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் எகிப்தைப் பாராட்டியது. பொருளியல் தந்த நோயைத் தீர்க்கப் பொருளியல் முடிவே தேவைப்பட்டது. மருந்தின் வேதியியல் மாறவில்லை. விலை மாறியதும் நோயாளி பிழைத்தார்.

முடிவாக

இவ்வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை நாம் தொகுத்துக்கொள்ளலாம். முதலாவது, நாட்பட்ட நோய்க்கும் ஊனத்திற்கும் உடலுக்கு வெளியே ஒரு முகவரி உண்டு. எகிப்தில் அது பாசன வாய்க்காலாகவும் படைச்சேர்ப்பு ஆணையாகவும் இருந்தது. இரண்டாவது, வலி நம்பப்படுவது வலியின் கடுமையைப் பொறுத்து அமைவதில்லை. வலியுடையவருக்குச் சமூகம் தரும் மதிப்பைப் பொறுத்தே அமைகிறது. மூன்றாவது, நல்ல நோக்கத்தோடு செய்யும் உதவியும் கவனம் குன்றினால் புதிய நோயாகும்.

ஹிதாயாவும் ஷாஃபிஈ சட்ட நூல்களும் இன்றும் நம் மதரஸாக்களில் ஓதப்படுகின்றன. தழும்பற்ற காயம் பற்றிய வாதத்தை மாணவர்கள் படிக்கிறார்கள். ஆனால் அதனை வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைந்துவிட்டது. நம் ஊர்களில் பைத்துல்மால் நடத்துவோரிடம் மருத்துவ உதவி கேட்டு ஆண்டுதோறும் அதே மனிதர் வந்து நிற்கும்போது, 'போன வருடமும் கொடுத்தோமே' என்ற முணுமுணுப்பு எழுவதுண்டு. நாட்பட்ட நோயின் இயல்பே ஆண்டுதோறும் வருவதுதான்; ஸமானா என்ற சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. அவருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வியோடு, அவர் எந்த வேலையில், எந்த நீரில், எந்தப் புகையில் நின்று இந்நோயைப் பெற்றார் என்ற கேள்வியையும் நாம் கேட்கத் தொடங்க வேண்டும். அவரோடு அதே வேலையில் இன்றும் நிற்பவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும்.

வாசலில் நின்ற முதியவரைக் கண்ட உமர் (ரலி) அவர்கள் அவரோடு நிற்கவில்லை. அவரைப் போன்றோர் அனைவரையும் தேடச் சொன்னார்கள். உதவிக்கு வந்த ஒருவரின் பின்னால் வராத பலர் இருப்பதை அறிந்ததாலேயே அந்தத் தனிநபர் உதவி பொது விதியாக மாறியது. அந்தப் பலரைத் தேடிச் செல்லும் கடமை இன்னும் நம் மீது இருக்கிறது.